ஆரம்ப சுகாதார நிலையத் தர ஆய்வு: அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம்

ஆரம்ப சுகாதார நிலையத் தர ஆய்வு என்பது, கிராமத்து அரசு ஆஸ்பத்திரி தரும் சேவையை முன்பே வகுத்த வினாப்பட்டியலோடு ஒப்பிட்டு மதிப்பெண் இடும் நடைமுறை. இந்தியாவில் இதற்கான அளவுகோல் தேசியத் தர உறுதி நிர்ணயம். ஊழியர்கள் அதை ‘என்.க்யூ.ஏ.எஸ்.’ என்பார்கள். நோயாளி உரிமை, சிகிச்சை, தொற்றுத் தடுப்பு, கிடைத்த பலன் உட்பட அது எட்டுப் பகுதிகளாக விரியும். நேரில் பார்த்து, ஊழியரிடம் கேட்டு, பதிவேட்டைப் புரட்டி, நோயாளியிடம் விசாரித்து, ஒவ்வொரு வினாவுக்கும் 0, 1, 2 என்று இடுவார்கள். தேறினால் மூன்று ஆண்டுக்குச் செல்லுபடியாகும் சான்றிதழ். தூய்மைக்கெனத் தனியே ‘காயகல்ப்’ விருது 2015இல் வந்தது.

விருதுநகர் மாவட்டத்து அருப்புக்கோட்டையில் தறிச்சத்தம் கேட்கும். அங்கிருந்து கிழக்கே குண்டாற்றங்கரைத் திருச்சுழி வரை பெரும்பகுதி வானம் பார்த்த கரிசல். பருத்தி, மக்காச்சோளம், குதிரைவாலி போக மிச்ச இடத்தில் சீமைக்கருவேலம். மழை பொய்த்தால் கரிமூட்டத்துக்கும் சிவகாசிப் பட்டாசு வேலைக்கும் வெளியூர் மில்லுக்கும் ஆட்கள் கிளம்பிவிடுவார்கள். 2018இல் மத்திய அரசு அறிவித்த முன்னேற விழையும் மாவட்டங்களில் தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்றவை விருதுநகரும் ராமநாதபுரமும்தான். இப்படிப்பட்ட வட்டாரத்தில் ஆய்வு எதைத் தேட வேண்டும்? ஒரு ராத்திரியில் தயார்செய்ய முடியாத தடயங்களை. சுண்ணாம்பு அடிக்கலாம், திரைச்சீலை மாற்றலாம், கை கழுவும் ஆறு படிகளை ஒப்பிக்கப் பழக்கலாம். நாள்பட்டுச் சேரும் தடயத்தை அப்படி உண்டாக்க முடியாது. ஆய்வின் முதல் கண் அங்கேதான் விழ வேண்டும்.

தடுப்பூசிப் பெட்டியையே எடுத்துக்கொள்வோம். உள்ளே 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். காலையும் மாலையும் பார்த்து நோட்டில் குறிக்க வேண்டும். மாதம் முழுக்க ஒரே பேனாவில், ஒரே சாய்வில், 4, 4, 4 என்று நிரம்பிய பக்கத்தை ஆய்வாளர் முழு மதிப்பெண்ணோடு கடந்துபோக இடமிருக்கிறது. சித்திரை வெயிலில் கரண்ட் போய்ப்போய் வரும் ஊரில், அசையாத 4 சந்தேகத்துக்குரியது. அதே பெட்டிக்குள் பொய் சொல்லத் தெரியாத சாட்சி ஒன்று உண்டு. மருந்துக் குப்பிமேல் ஊதாநிற வட்டம். அதன் நடுவே வெளிறிய சதுரம். மருந்து பட்ட சூட்டை எல்லாம் கூட்டிக் கூட்டி அந்தச் சதுரம் கறுத்துக்கொண்டே போகும். வட்டத்தின் நிறத்தை எட்டிவிட்டால் குப்பியைத் தூர வைக்க வேண்டியதுதான். கறுத்தது பிறகு வெளுக்காது. நோட்டு சொல்வது அதை எழுதியவரின் வாக்கு. சதுரம் சொல்வது நடந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே ஆய்வு என்ற பெயருக்குத் தகும்.

தடயம் இருந்தும் கோர்க்கப்படாவிட்டால் என்னாகும் என்பதற்கு இதே மாவட்டத்திலேயே கசப்பான சான்று உண்டு. 2018 டிசம்பரில், சாத்தூர் அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. தொற்றுள்ள இரத்தம் ஏற்றப்பட்டது வெளிவந்தது; இரத்தம் சிவகாசி அரசு இரத்த வங்கியிலிருந்து வந்தது. அதைக் கொடுத்தவர் 2016லும் இரத்த தானம் செய்திருந்தார். அப்போதே பரிசோதனையில் தொற்று தெரிந்தும், தகவல் அவரைச் சேரவில்லை. பதிவு இருந்தது, பதிவிலிருந்து மனிதருக்குப் போகும் வழி அறுந்திருந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதன் சிறிய வடிவத்தைப் பிரஷர், சுகர் பதிவேட்டில் பார்க்கலாம். எத்தனை பேர் பெயர் எழுதப்பட்டது என்பது எளிய எண். மூன்று மாதமாக மாத்திரை வாங்க வராதவர் யார், அவரைத் தேடிக் கிராம சுகாதார செவிலியர் போனாரா, போன இடத்தில் பூட்டிய வீட்டைக் கண்டாரா என்பதே தரத்தின் எண். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் மாத்திரையை வாசலுக்கே கொண்டுபோவதால், இந்தக் கேள்வியைக் கேட்பது முன்னைவிட எளிதாகிவிட்டது.

பிழைப்புக்கு ஊரைவிட்டுப் போனவருக்காக டாக்டரின் மதிப்பெண்ணைக் குறைப்பது என்ன நியாயம் என்று மறுப்பவர்கள் உண்டு. போனதற்காகக் குறைக்க வேண்டாம். போனது தெரியாமலே இருந்ததற்காகக் குறைக்கலாம். இந்தத் தடயங்களைத் தேடி ஆய்வாளர் முன்கூட்டிச் சொல்லாமல் வந்து நின்றால் ஒற்றை மருத்துவர் புறநோயாளி வரிசையை விட்டுவிட்டு ஃபைல் தூக்க நேரும் என்பது அதைவிட வலுவான மறுப்பு, ஓரளவு உண்மையும்கூட. ஆனால், முன்கூட்டித் தேதி சொன்ன ஆய்வுக்கு வாரக்கணக்கில் ஃபைல் தயாரிப்பதும் அதே மருத்துவரும் செவிலியரும்தானே. அந்த நேரமும் வரிசையில் நிற்பவர்களிடமிருந்து எடுத்ததே. வினாப்பட்டியலே வேண்டாம் என்பாருக்கும் நான் உடன்பட மாட்டேன். பிரசவ அறையில் குழந்தைக்கு மூச்சூட்டும் பையும் முகமூடியும் கைக்கெட்டும் தூரத்தில் கிடப்பது அந்தப் பட்டியல் கேட்பதால்தான்.

நோயாளி விசாரிப்பு மட்டும் இங்கே பலவீனமான கருவி. பக்கத்தில் நர்ஸம்மா நிற்கையில், “நல்லாத்தான் பாக்குறாக” என்பதைத் தாண்டி ஒரு கிழவி என்ன சொல்லிவிடுவார்? அடுத்த மாதமும் அவர் அதே சீட்டோடு அங்கேதான் வர வேண்டும். வேறு டாக்டர் வேண்டுமென்றால் அருப்புக்கோட்டைக்குப் பஸ் ஏற வேண்டும். அவர் சொல்ல முடியாததை ஆய்வறிக்கையாவது வெளியே சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் குடும்ப மருத்துவர் மனைகளை ஆய்வு செய்யும் தர ஆணையம் 2009இல் செயல்படத் தொடங்கியது. அது தரும் தரநிலையை வருவோர் கண்ணில் படும்படி அங்கே வைக்க வேண்டும். குறைகளோடு கூடிய முழு அறிக்கையும் யார் வேண்டுமானாலும் படிக்கக் கிடைக்கும். இங்கே கண்ணாடிச் சட்டமிட்ட சான்றிதழ் புறநோயாளிப் பகுதிச் சுவரில் தொங்குகிறது. எந்த வினாவுக்கு 0 விழுந்தது என்ற தாள் உள்ளறை பீரோவில் இருக்கிறது.