ஒரு ஷெட்டில் ஒன்பது வண்டிகள்

பதிவு கொஞ்சம் நீளம். ஓய்வாக இருக்கும்போது படியுங்கள். கடைசியில் பெரியண்ணனிடம் கேட்க வேண்டிய ஒரு மன்னிப்பும் இருக்கிறது.

போன மாதம் கோயம்புத்தூர் போயிருந்தேன். 1987-ல் என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த மாணவன் ஒருவன், "சார், வீட்டுக்கு வாங்க, ஒண்ணு காட்டணும்" என்றான். ஐம்பது தாண்டிய மனிதர்தான். ஆனாலும் எனக்கு 'அவன்' என்றுதான் வருகிறது. வீட்டுக்குப் பின்னால் ஒரு ஷெட். உள்ளே ஒன்பது பழைய மோட்டார் சைக்கிள்கள், துடைத்து வைத்த குத்துவிளக்கு மாதிரி நின்றன.

"சொந்தக்காரங்க எல்லாம் பணத்திமிருன்னு சொல்றாங்க சார்" என்று சிரித்தான். நான் வரலாற்று ஆசிரியன். எனக்கு அது 1940 முதல் 1990 வரை நம் நாட்டுக் கதையை வரிசையாக நிறுத்தி வைத்தது போல் இருந்தது.

முதலில் நின்றது பி.எஸ்.ஏ. எம்20. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவத்துக்காக ஒரு லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்ட வண்டி. போர் முடிந்ததும் இப்படிப்பட்ட வண்டிகளை ராணுவம் கழித்து ஏலம் விட்டது. நம் ஊர்ப்பக்கம் பெரியவர்கள் 'டிஸ்போசல் வண்டி' என்று சொல்வார்களே, அது இதுதான்.

அடுத்தது புல்லட். ராயல் என்ஃபீல்டு இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரில் பிறந்த கம்பெனி. 1901-ல் முதல் மோட்டார் சைக்கிள் செய்தார்கள். 'புல்லட்' என்ற பெயர் 1932-ல் வந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு நம் ராணுவத்துக்கும் போலீசுக்கும் உறுதியான வண்டி தேவைப்பட்டபோது அரசு புல்லட்டைத் தேர்ந்தெடுத்தது. அதன் தொடர்ச்சியாக 1955-ல் சென்னை திருவொற்றியூரில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கியது. முதலில் பாகங்கள் கப்பலில் வந்தன, இங்கே பூட்டினார்கள். 1962-க்குள் எல்லாப் பாகங்களும் இங்கேயே தயாராகின.

இங்கேதான் வரலாறு ஒரு குட்டிக்கரணம் போடுகிறது. ரெட்டிச் தொழிற்சாலை 1967-ல் மூடப்பட்டது. 1970-ல் இங்கிலாந்தில் உற்பத்தியே நின்றது. திருவொற்றியூர் நிற்கவில்லை. 1977-ல் புல்லட்டை இங்கிலாந்துக்கே ஏற்றுமதி செய்தது. தாய்வீடு இடிந்த பிறகு, மகள் வீட்டிலிருந்து சீர் போனது மாதிரி!

மூன்றாவது ஜாவா. 1929-ல் செக்கோஸ்லோவாக்கியாவில் யானெச்செக் என்பவர், வாண்டரர் என்ற ஜெர்மன் கம்பெனியின் மோட்டார் சைக்கிள் பிரிவை வாங்கினார். இரண்டு பெயரின் முதல் எழுத்துகளும் சேர்ந்ததுதான் ஜாவா. 1960-களின் தொடக்கத்தில் மைசூரில் ஐடியல் ஜாவா தொழிற்சாலை வந்தது. அதுவே பிறகு எஸ்டி. கிக்கரும் கியரும் ஒரே லிவர்தான். உதைத்து ஸ்டார்ட் செய்துவிட்டு, அதையே முன்பக்கம் திருப்பினால் கியர்.

அதற்குப் பக்கத்தில் ராஜ்தூத் 175. போலந்து நாட்டு வண்டியின் வடிவத்தில் எஸ்கார்ட்ஸ் கம்பெனி இங்கே செய்தது. ஆக, மூன்று நாட்டு வண்டிகள் ஒரே காலத்தில் நம் மண்ணில் வேர் பிடித்திருக்கின்றன.

ஏன் அப்படி? அன்று அந்நியச் செலாவணி பற்றாக்குறை. வெளிநாட்டு வண்டியை இஷ்டத்துக்கு இறக்குமதி செய்ய முடியாது. உள்நாட்டில் தயாரிக்கவும் லைசென்ஸ் வேண்டும், கிடைத்தவர்கள் சிலர்தான். போட்டி இல்லாததால் ஒரே மாடலை முப்பது வருடம் மாற்றாமல் செய்தார்கள். வாங்கியவர்களும் லேசில் கழித்துக்கட்டவில்லை. மெக்கானிக்கிடம் கொடுத்துக் கொடுத்து ஓட்டினார்கள். இன்று 'கிளாசிக்' என்று கொண்டாடுகிறோமே, அது அன்றைய தட்டுப்பாடு காப்பாற்றிக் கொடுத்தது.

சுற்றிப் பார்த்துவிட்டு அவனிடம் கேட்டேன். "இந்த ஜாவா யாரோடதுப்பா?"

"திருச்சியில ஒரு புரோக்கர்கிட்ட வாங்கினேன் சார். அதுக்கு முன்னாடி யாருதுன்னு தெரியல."

டேங்க் புதுக் குரோமியத்தில் முகம் பார்க்கலாம் போல மின்னியது. பழைய பெயின்ட், கீறல், சீட்டில் இருந்த ஒட்டு, எதுவும் இல்லை. எனக்கு எங்கள் வீட்டு ஜாவா நினைவுக்கு வந்துவிட்டது.

உறவினர்களுக்குத் தெரியும். 1968-ல் பெரியண்ணன் வாங்கிய ஜாவா. அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனது அதில்தான். இரண்டு அக்காக்களின் கல்யாணப் பத்திரிகையும் அதில்தான் ஊர் ஊராகப் போயின. அண்ணன் வேலை மாற்றலாகிப் போனபோது, "பத்திரமா வெச்சிரு, வந்து எடுத்துக்கிறேன்" என்று சாவியை என்னிடம் கொடுத்தார். வண்டி திண்ணையோரம் வருடக்கணக்கில் நின்றது. 1996-ல் திண்ணையை இடித்துக் கட்டும்போது இடைஞ்சலாக இருக்கிறதென்று பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டுவிட்டேன். அறுநூறு ரூபாய். அண்ணனிடம் "மெக்கானிக் கேட்டார், கொடுத்துட்டேன்" என்று சொன்னேன். அவரும் அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மைசூர் தொழிற்சாலை மூடியதும் அதே 1996-ல்தான் என்று பின்னாளில் படித்தபோது என்னவோ போல் இருந்தது.

பெட்டியில் அந்த ஆர்.சி. புத்தகம் இன்னும் இருக்கிறது. மாணவனிடம் வண்டி இருக்கிறது, கதை இல்லை. என்னிடம் கதை இருக்கிறது, வண்டி இல்லை.

அவனிடம் ஒன்றே ஒன்று சொன்னேன். "காட்டுறது தப்பில்லப்பா. நல்லா காட்டு. ஆனா ஒவ்வொரு வண்டிக்குப் பக்கத்துலயும் ஒரு அட்டையில, யார் வாங்கினது, எந்த ஊர்ல ஓடுச்சு, எந்த மெக்கானிக் உயிர் கொடுத்தாருன்னு எழுதி வை." ஆர்.சி. புத்தகத்தில் பழைய உரிமையாளர் பெயர்கள் இருக்குமே, அங்கிருந்து தேடலாம். 2021-ல் மத்திய அரசு ஐம்பது வருடம் தாண்டிய வண்டிகளுக்கு 'விண்டேஜ்' பதிவு கொண்டுவந்தது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், நம்பரில் 'வி.ஏ.' எழுத்து வரும். வடிவம் பெரிதாக மாற்றப்பட்டிருக்கக் கூடாது. வண்டியின் பழமையை அரசு அப்படிப் பதிந்துகொள்கிறது. அதை ஓட்டிய மனிதரை நாம்தான் பதிய வேண்டும்.

நேற்று போன் செய்தான். ஜாவாவின் முதல் உரிமையாளர் பெயர் கிடைத்துவிட்டதாம்; அவர் பேரனைத் தேடிக்கொண்டிருக்கிறான்.

பெரியண்ணா, இதை உங்கள் பேத்தி உங்களுக்குப் படித்துக் காட்டுவாள் என்று தெரியும். மெக்கானிக்கிடம் கொடுக்கவில்லை. நான்தான் எடைக்குப் போட்டேன். மன்னித்துவிடுங்கள்.

மற்றவர்கள், உங்கள் வீட்டுத் திண்ணையில் சாக்கு மூடிய வண்டி ஏதாவது நின்றால், இரும்புக்காரரைக் கூப்பிடும் முன் வீட்டுப் பெரியவரை ஒரு வார்த்தை கேளுங்கள்.