ரேரி, ஜான் சாலமன் (1827–1866)

அமெரிக்கக் குதிரைப் பழக்குநர். ஒஹாயோ மாநிலத்துக் குரோவ்போர்ட்டில் பிறந்தவர். முரட்டுக் குதிரையின் முன்னங்கால் ஒன்றை மடக்கி வாரால் கட்டுவார். மற்றொன்றையும் வாரால் இழுத்து, மெல்ல மண்டியிட்டுப் படுக்க வைப்பார். திமிறிப் பயனில்லை என்று அது அடங்கியபின் உடலெங்கும் தடவிக் கொடுப்பார். அடி கிடையாது. 1858இல் இங்கிலாந்தில், ஆளைக் கடித்துக் குதறும் என்று இரும்பு வாய்ப்பூட்டுடன் அடைத்து வைத்திருந்த ‘குரூசர்’ என்ற பந்தய வம்சப் பொலிகுதிரையை இப்படித்தான் வசப்படுத்தினார். விக்டோரியா அரசியின் முன்னிலையிலும் தம் வித்தையைச் செய்து காட்டினார்.

சாட்டையே பயிற்சியாக இருந்த காலத்துக்கு இது பெரிய மாற்றம். ஆனாலும் மென்மையான முறை என்று முழுமனதாகச் சொல்ல முடியாது. கட்டுண்டு கிடக்கும் குதிரை அமைதியடைந்ததா, போராட்டத்தைக் கைவிட்டதா என்பது வெளியே தெரிவதில்லை. குரூசர் பின்னர் அவருடனேயே ஒஹாயோ சென்றது. அவர் மறைவுக்குப் பின்னும் சில ஆண்டுகள் வாழ்ந்தது.