அர்மாமலைச் சுண்ணாம்பு

ஆம்பூர் பக்கம் மலையாம்பட்டில் அர்மாமலைக் குகை. உள்ளே 8ஆம் நூற்றாண்டுச் சமண ஓவியங்கள். தோல் ஷாப்புக்குப் போகிற நம்ம சனத்துக்கே இது தெரியாது.

பெரும்பகுதி சிதைந்து போச்சு. மிச்சத்தில் தாமரைக் குளம், அன்னம், திசைக் காவலர். அக்கினி துணைவியோடு ஆட்டின்மேல் உட்கார்ந்திருக்கிறான். (அதே ஆட்டின் தோலைத் தொட்டதற்குத்தான் நம்மைத் தீட்டு என்றார்கள்.)

பாறையில் முதலில் களிமண் பூச்சு. காய்ந்ததும் மெல்லிய சுண்ணாம்புப் பூச்சு. அதன்மேல் பசை கலந்த வண்ணம். அறிஞர்கள் சித்தன்னவாசலோடு ஒப்பிட்டு பாணி பேசுகிறார்கள். பேசட்டும். அந்தச் சுண்ணாம்பைச் சுட்டவன் யார்? மலைமேல் சுமந்தவள் யார்? ஆட்டுத்தோலில் மயிர் கழிய சுண்ணாம்புக் குழியில் இறங்கிக் கைகால் வெந்த சனம் நாம். இதை நாம் கேட்காமல் வேறு யார் கேட்பது?

ஷாப்பு லீவு நாளில் பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள், மிச்சம் இருக்கும்போதே.