கணினித் திருப்புளி

மேசைக்கணினி, மடிக்கணினி ஆகியவற்றின் உறையையும் உள்ளுறுப்புகளையும் கழற்றி மாட்டப் பயன்படும் கைக்கருவி. கடைகளில் தட்டை முனையுள்ளதைப் ‘பட்டை’ என்றும் சிலுவை முனையுள்ளதை ‘ஸ்டார்’ என்றும் கேட்பார்கள். ஆறுமுனை கொண்ட டார்க்ஸ் தேவைப்படுவோர் ‘டி-6’, ‘டி-8’ என எண் சொல்லியே கேட்க வேண்டும். ‘ஸ்டார்’ என்றால் சிலுவை முனைதான் கைக்கு வரும்.

வரலாறு: பிலிப்ஸ் எனப்படும் சிலுவைப் பள்ளத் திருகைக் கண்டுபிடித்தவர் அமெரிக்கரான ஜான் பி. தாம்ப்சன். 1933-இல் காப்புரிமை பெற்றும் அதைத் தயாரிக்க ஆலை கிடைக்காமல், ஹென்றி எஃப். பிலிப்ஸிடம் உரிமையை விற்றார். பெயர் வாங்கியவருக்கே நிலைத்தது. பிலிப்ஸ் அதைத் திருத்தி, அதைத் தயாரிக்க அமெரிக்கன் ஸ்க்ரூ கம்பெனியை இணங்க வைத்தார். 1936-இல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் காடிலாக் கார்களில் இதைப் பயன்படுத்தத் தொடங்கியது. முனை பள்ளத்தின் நடுவில் தானாகப் போய் உட்காரும் என்பதால், விசைக்கருவியால் திருகு முடுக்கும் தொழிற்சாலைகளுக்கு இது ஏற்றதாயிற்று. டார்க்ஸ் 1967-இல் வந்தது. ஆப்பிள் 2009-இல் ஐந்திதழ்த் திருகைப் புகுத்தியது, வாங்கியவர் தம் கருவியைத் தாமே திறக்காதிருக்கத்தான்.

திருகுத் தொழிலில் மதுரைக்கும் பங்குண்டு. 1911-இல் இந்நகரில் டி.வி. சுந்தரம் ஐயங்கார் தொடங்கிய டி.வி.எஸ். குழுமத்தின் வழிவந்த சுந்தரம் ஃபாஸ்டனர்ஸ், மதுரைக்குத் தெற்கே ஆவியூர் அருகில் ஆலை நடத்துகிறது. அந்நிறுவனத்தின் திருகுகள் முதன்மையாக வாகனங்களுக்கானவை.

அளவுகள்: மேசைக்கணினியின் பெரும்பாலான திருகுகளுக்கு பிஎச்-2 எனும் பிலிப்ஸ் முனை அளவு போதும். மடிக்கணினியின் அடிமூடிக்கு பிஎச்-0 அல்லது பிஎச்-1 வேண்டும். விரல் நீள எஸ்.எஸ்.டி.யைப் பிடித்திருக்கும் 2 மி.மீ. திருகும் அவ்வகையே. முனையைப் பள்ளத்தில் செங்குத்தாக வைத்து இலேசாக அசைத்துப் பார்க்க வேண்டும். ஆடினால் முனை சிறியது. பள்ளத்தின் அடிவரை இறங்காவிட்டால் பெரியது. சிறிய முனையோடு மல்லுக்கட்டினால் திருகின் தலை வழுக்கிப்போகும். மின் டெஸ்டரின் முனையால் நெம்புவதும் அதே கேட்டைத்தான் தரும். கேபினெட்டில் பருமறையுள்ள 6-32 திருகும் நுண்மறையுள்ள எம்-3 திருகும் கலந்திருக்கும். தடித்த முன்னதைப் பின்னதன் துளையில் ஏற்றினால் மறை சிதையும். காந்த முனை கணினியைக் கெடுக்கும் என்பது ஃபிளாப்பி காலத்து அச்சம். இன்று அது வசதியே.

இன்றைய நிலை: 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தால் மதுரையின் சுற்றுவட்டார ஊர்களுக்கும் மடிக்கணினி போய்ச் சேர்ந்தது. அவற்றைத் திறக்க உதவும் பல முனைத் திருப்புளித் தொகுப்புகள் இப்போது கடைகளிலும் இணையத்திலும் கிடைக்கின்றன.

எச்சரிக்கை: மடிக்கணினியின் மூடியைத் திறந்ததும் முதலில் பேட்டரி இணைப்பைப் பிரிக்க வேண்டும். மேசைக்கணினியின் எஸ்.எம்.பி.எஸ். எனும் மின்வழங்கிப் பெட்டியின் திருகுகளை மட்டும் வீட்டில் தொடக்கூடாது. மின்சாரத்தை நிறுத்திய பிறகும் அதன் மின்தேக்கிகளில் மின்னேற்றம் தங்கியிருக்கும்.