1-3-4-2, 1-2-4-3: ஒரே கிராங்க், இரண்டு வரிசை

காரவள்ளி அடிவாரத்திலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஆட்களையும் மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு பெரக்கரை நாட்டுக்குப் போகிற ஜீப், வளைவு நெருங்கியதும் வேகம் செத்து முதல் கியருக்கு இறங்கும். என்ஜின் நிமிடத்துக்கு 1,500 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொண்டால், நான்கு சிலிண்டரில் நொடிக்கு 50 வெடிப்பு. ஒரு சிலிண்டர் படுத்துவிட்டால், அதன் முறை வரும்போதெல்லாம் இடைவெளி இரட்டிப்பாகும். சமவெளியில் லேசான அதிர்வாகத் தெரிகிற இந்த 'மிஸ்ஸிங்', மலையில் வண்டியையே நிறுத்திவிடும்.

இந்த வெடிப்புகளின் முறைதான் ஃபயரிங் ஆர்டர். எந்த மெக்கானிக்கைக் கேட்டாலும் 'ஒண்ணு, மூணு, நாலு, ரெண்டு' என்பார். அம்பாசடர், பிரீமியர் பத்மினி, சென்னைக்கு அருகே தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு, பழைய பெட்ரோல் ஜீப் எல்லாம் இந்தக் கணக்குதான். ஆனால் இன்னொரு வரிசையும் உண்டு: 1-2-4-3. ஃபோர்டின் மாடல் டி, மாடல் ஏ, 1959-இல் வந்த ஆங்கிலியா, 1996-இல் ஐரோப்பாவில் இறங்கிய 'கா' வரை அந்த நிறுவனத்தின் பல என்ஜின்கள் இப்படித்தான் வெடித்தன. 'அது பழைய முறை, தேறாததால் கைவிட்டார்கள்' என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை.

வழக்கமான நேர்வரிசை நான்கு சிலிண்டர் என்ஜினில் 1, 4 பிஸ்டன்கள் சேர்ந்து ஏறி இறங்கும். 2, 3 அதற்கு எதிராக. கிராங்க் அரைச் சுற்று சுற்றும்போது, அதாவது 180 பாகைக்கு ஒருமுறை, ஒரு ஜோடி உச்சிக்கு வரும். 1 வெடித்த அரைச் சுற்றில் மேலே நிற்பவை 2, 3 மட்டுமே. அவற்றில் ஒன்று வெடித்தாக வேண்டும். அடுத்த அரைச் சுற்றில் மறுபடி 1, 4 மேலே வரும். 1 ஏற்கெனவே வெடித்துவிட்டதால் முறை 4-க்கு. மிச்சம் இருப்பது கடைசியில். ஆக, சம இடைவெளி வேண்டுமென்றால் இந்த இரண்டு வரிசைகளைத் தவிர மூன்றாவதற்கு இடமே இல்லை. 1-2-3-4 என்று நேராக வெடிக்கும்படி இந்தக் கிராங்கைப் பழக்க முடியாது. (2009-இல் யமஹா ஆர்1 பைக் 1-3-2-4 என்று வந்தது; அதன் கிராங்கே வேறு, இடைவெளியும் சமமில்லை.)

இரண்டில் எதை வைப்பது என்பதைத் தீர்மானிப்பது கேம்ஷாஃப்ட். கிராங்கும் பிஸ்டனும் அப்படியே இருக்க, கேம் மேடுகளின் கோணத்தை மாற்றினால் போதும். பிஸ்டன்களின் ஓட்டம் மாறாததால், அதனால் வரும் அதிர்விலும் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. பேரிங் மீது விழும் அடியைப் பார்ப்போம். அம்பாசடரின் 1,489 சிசி பெட்ரோல் என்ஜினில் கிராங்கைத் தாங்குபவை மூன்றே மெயின் பேரிங்குகள். முதல் இரண்டு பேரிங்குகளுக்கு நடுவே 1, 2. அடுத்த இரண்டுக்கு நடுவே 3, 4. அதன் 1-3-4-2 வரிசையில் 3-ஐத் தொடர்ந்து 4, 2-ஐத் தொடர்ந்து 1 என்று ஒரே பகுதியில் அடுத்தடுத்து இரண்டு அடி விழுகிறது. சரி, மாற்றி 1-2-4-3 என்று வைத்தால்? 1, 2 சேர்ந்து ஓர் இரட்டை அடி. 4, 3 சேர்ந்து இன்னொன்று. எண்ணிக்கை அதேதான். ஒன்றில் உள்ளேயிருந்து ஓரத்துக்கு, மற்றதில் ஓரத்திலிருந்து உள்ளே. வித்தியாசம் அவ்வளவுதான்.

அந்தச் சின்ன வித்தியாசம் கொஞ்சமாவது உறைக்கிற இடம், காற்றும் பெட்ரோலும் உள்ளே வரும் பாதை. அம்பாசடர் ஹெட்டில் 1, 2 இரண்டுக்கும் பொதுவாக ஒரு இன்டேக் வழி. 3, 4 இரண்டுக்கும் பொதுவாக இன்னொன்று. ஒரு வழியில் இரண்டு சிலிண்டர்கள் அடுத்தடுத்து உறிஞ்சும், பிறகு ஒரு சுற்று அது சும்மா கிடக்கும். முதலில் உறிஞ்சுகிறவனுக்குக் கிடைக்கும் கலவையும், ஓடத் தொடங்கிவிட்ட காற்றில் பின்னால் வாய் வைக்கிறவனுக்குக் கிடைப்பதும் ஒன்றாக இருப்பதில்லை. 1-3-4-2-இல் முதலில் உறிஞ்சுபவை நடுவிலிருக்கும் 2, 3. 1-2-4-3 என்றால் ஓரத்திலிருக்கும் 1, 4. பந்தயத்துக்கு ஹெட்டைக் குடைகிறவர்களுக்கு இது பெரிய விஷயம். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி வழியும் தனி இன்ஜெக்டரும் வந்த பிறகு அதுவும் தேய்ந்துபோனது. 1-3-4-2 நிலைத்ததற்குப் பொறியியல் மேன்மையைவிடப் பழக்கமே காரணம் என்று எனக்குப் படுகிறது. பெரும்பாலோர் ஒன்றைக் கைக்கொண்டால் கையேடு, பயிற்சி, உதிரி பாகம் எல்லாம் அதன் பின்னே போய்விடும்.

இன்னொரு வேடிக்கை: சிலிண்டரை மறுமுனையிலிருந்து எண்ணினாலும் இரண்டு வரிசைகளும் மாறுவதில்லை. 1-3-4-2-ஐத் திருப்பி எண்ணினால் 4-2-1-3. சுழற்றிப் பார்த்தால் அதே 1-3-4-2. ரெனோ நிறுவனம் ஃப்ளைவீல் பக்கத்திலிருந்து எண்ணுகிறது. ஒரகடத்தில் தயாரான டஸ்டர் டீசலும் அப்படித்தான், ஆனாலும் அதன் ஆர்டர் 1-3-4-2. முனை மாறினால் பிசகுவது தொடக்கம். 1-ஆம் பிளக்குக்கான வயரை 4-இல் சொருகி மற்றதையும் அந்த வரிசைக்கே மாட்டினால், எல்லாப் பொறியும் ஒரு முழுச் சுற்று தள்ளி விழும். வண்டி ஸ்டார்ட் ஆகாது.

வரிசையே மாறுவது வேறு கதை. டிஸ்ட்ரிபியூட்டர் வைத்த வண்டியில் 2, 3 பிளக் வயர்களை இடம் மாற்றினால், பொறி மட்டும் 1-2-4-3 ஆகிவிடும். வால்வுகள் பழைய கணக்கிலேயே ஆடும். 3 கலவையை அழுத்திக்கொண்டு உச்சியில் நிற்கையில் பொறி 2-க்குப் போகும். 2-ஆம் பிஸ்டனும் உச்சியில்தான், ஆனால் புகையைத் தள்ளி முடித்து இன்டேக் வால்வு திறக்கிற வேளை. அங்கே பற்றினால் தீ கார்பரேட்டர் வழியாகத் திரும்பி 'டப்' என்று வெடிக்கும். 1, 4 சரியாகவே வேலை செய்வதால் வண்டி ஓடத்தான் செய்யும், இரண்டு சிலிண்டர் வண்டியைப் போல. சேந்தமங்கலம் பக்கத்துச் சமவெளியில் உருட்டிவிடலாம். காரவள்ளி தாண்டி முதல் வளைவில் நின்றுவிடும்.

சந்தேகம் வந்தால் கையேடு தேட வேண்டியதில்லை. பிளக்குகளைக் கழற்றி, 1-இன் துளையில் கட்டை விரலை அழுத்தி வைத்து, ஹேண்டிலால் என்ஜினை ஓடும் திசையிலேயே மெல்லச் சுற்றச் சொல்லுங்கள். காற்று விரலைத் தள்ளி, பிஸ்டன் உச்சிக்கு வந்ததும் விரலை 3-க்கு மாற்றி இன்னும் அரைச் சுற்று. அங்கும் காற்று தள்ளினால் 1-3-4-2. பேசாமல் இருந்தால் 1-2-4-3. நான்காவதைச் சோதிக்க வேண்டிய அவசியமே இல்லை.