சின்னப்பர்: தமிழான ஓர் இலத்தீன் பெயர்

ஒரு பெயர் எந்த மொழிக்கு உரியது என்பதை எதைக் கொண்டு முடிவு செய்கிறோம்? அதன் ஒலியைக் கொண்டா, பொருளைக் கொண்டா? செங்கற்பட்டிலிருந்து மாமல்லபுரம் வரையுள்ள நிலப்பகுதியில் நின்றுகொண்டு இக்கேள்வியை எழுப்பினால், அதை ஆராய ஒரே ஒரு பெயர் போதும்: சின்னப்பன்.

கேட்ட மாத்திரத்தில் இது தூய தமிழ்ப் பெயர் என்போம். திரைப்பட நடிகர் பி.யு.சின்னப்பாவும் தயாரிப்பாளர் சாண்டோ சின்னப்பா தேவரும் தாங்கியிருந்த பெயரின் பொருள், அப்பனுக்கு இளைய அப்பன் என்பதே. ஆனால் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த ஒருவர் சின்னப்பன் எனப்பட்டால் அப்பெயரின் வேர் பெரும்பாலும் வேறு. அது ரோமாபுரியிலிருந்து வந்த 'பவுலுஸ்' என்னும் இலத்தீன் பெயரின் மொழிபெயர்ப்பு.

இலத்தீனில் பவுலுஸ் என்றால் சிறியவன். மூத்தவரையும் இளையவரையும் வேறுபடுத்தவோ, உருவச் சிறுமையைச் சுட்டவோ இட்ட பட்டப்பெயராக அது தோன்றியிருக்கலாம். எமிலியக் குடியினர் அதைத் தலைமுறை தலைமுறையாகத் தாங்கினர். கி.மு. 216இல் கன்னே போர்க்களத்தில் அனிபாலின் படையிடம் தோற்று மாண்ட உரோமைத் தளபதி லூசியுஸ் எமிலியுஸ் பவுலுஸ் அக்குடியைச் சேர்ந்தவர். பின்னர் சவுல் என்னும் எபிரேயப் பெயரும் பவுல் என்னும் உரோமைப் பெயரும் ஒருங்கே கொண்ட திருத்தூதரால் அப்பெயர் உலகெங்கும் பரவியது. இத்தாலியில் பாவ்லோ, ஸ்பெயினில் பாப்லோ, உருசியாவில் பாவெல் எனப் பல வடிவம் எடுத்தாலும் அங்கெல்லாம் மாறியது ஒலி மட்டுமே.

தமிழகத்தில் அது இரு வழிகளில் வந்தது. ஒன்று, ஒலிவழி. மாமல்லபுரத்திலிருந்து கடற்கரைச் சாலையில் தெற்கே சென்றால் புதுச்சேரியில் இயேசு சபையார் தொடங்கிய பழைய ஆலயம் ஒன்று உண்டு. 1791இல் கட்டி முடிக்கப்பட்ட இன்றைய கட்டடம் அமலோற்பவ அன்னைக்கு உரியது. மக்களோ அதைச் 'சம்பா கோயில்' என்பர். புனித பவுலின் பெயரே வாய்வழக்கில் தேய்ந்து சம்பா ஆயிற்று. கோவாவிலிருந்த புனித பவுல் கல்லூரியை ஒட்டி இயேசு சபையாரைப் 'பவுலினார்' என்று அழைக்கும் வழக்கம் இருந்ததால் அன்னையின் கோயிலுக்கு அப்பெயர் அமைந்தது. ஒலி மட்டும் பயணம் செய்தால் பொருள் எவ்வளவு எளிதில் தொலைந்துபோகும் என்பதற்கு இது நல்ல சான்று.

மற்றொன்று, பொருள்வழி. இத்தாலியரான கான்ஸ்டன்சோ பெஸ்கி தம் பெயரிலிருந்த 'உறுதி' என்னும் இலத்தீன் பொருளைக் கண்டு தைரியநாதர் ஆனார். பிற்காலத்தில் வீரமாமுனிவர் எனப்பட்டார். சூசையப்பருக்கு அவர் தேம்பாவணியில் இட்ட பெயர் வளன். யோவான் என்ற எபிரேயப் பெயரில் இறையருள் என்ற பொருள் இருந்ததால் அருளப்பர் பிறந்தார். பவுலுஸ் சின்னப்பர் ஆனதும் இவ்வழியே.

இதில் 'அப்பர்' என்னும் ஈறு நோக்கத்தக்கது. திருநாவுக்கரசரைச் சம்பந்தர் அப்பர் என்று அழைத்த மரபு நம்முடையது. அந்த அப்பர் பாடிய தலங்களுள் செங்கற்பட்டுக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையிலுள்ள திருக்கழுக்குன்றமும் ஒன்று. அடியவரைத் தந்தையாக்கி உறவு கொள்ளும் அம்முறையை மொழிபெயர்த்தோர் அறிந்திருந்தனர். ஆகவே பவுலுஸ் 'சிறியவர்' என்று நின்றுவிடாமல் சின்னப்பர் ஆனார். ஒரு சொல்லில் இலத்தீன் பொருளும் தமிழ் உறவுமுறையும் கூடின.

திருக்கழுக்குன்றத்துக்கு இவ்வரலாற்றில் இன்னொரு தொடர்பும் உண்டு. அங்குள்ள இறைவனை வேண்டிப் பெற்றதால் நாகப்பட்டினத்துப் பெற்றோர் 1876இல் பிறந்த தம் மகனுக்கு வேதாசலம் என்று பெயரிட்டனர். தாயின் பெயர் சின்னம்மை. அம்மகன் பின்னாளில் பல்லாவரத்தில் வாழ்ந்து, 1916இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கி, வேதத்தை மறையாகவும் அசலத்தை மலையாகவும் பெயர்த்து மறைமலை அடிகள் ஆனார். அவர் பெயரால் மறைமலை நகரே இன்று இம்மாவட்டத்தில் இருக்கிறது. வடமொழிப் பெயருக்கு அடிகள் செய்ததையே இலத்தீன் பெயருக்குச் சின்னப்பர் என்ற சொல்லை ஆக்கியோர் அதற்கு முன்பே செய்திருந்தனர். மறைமலை தமிழ் என்றால் சின்னப்பரும் தமிழே. அதை அயற்பெயர் என்று தள்ள நமக்கு உரிமை இல்லை.

ஆயினும் அப்பெயர் இன்று தேய்ந்து வருகிறது. தேய்ந்த விதமும் விந்தையானது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்தை (1962–65) ஒட்டிக் கத்தோலிக்க வழிபாட்டில் இலத்தீன் நின்று தமிழ் ஒலிக்கத் தொடங்கியது. பின்னர் இரு பெரும் திருச்சபைப் பிரிவினரும் கூடி உருவாக்கிய விவிலியப் பொதுமொழிபெயர்ப்பு 1995இல் வெளிவந்தது. சீர்திருத்தத் திருச்சபையார் கிரேக்க மூலத்தைத் தழுவிப் 'பவுல்' என்றே வழங்கி வந்தவர்கள். பொதுப் பதிப்பிலும் அவ்வடிவமே நிலைத்தது. சின்னப்பர் பவுல் ஆனார். அருளப்பர் யோவான் ஆனார். இராயப்பர் பேதுரு ஆனார். இலத்தீன் கோலோச்சிய காலத்தில் தமிழாக இருந்த பெயர், பீடத்தில் தமிழ் ஏறிய பிறகு இலத்தீன் ஒலிக்குத் திரும்பியது! ஒற்றுமைக்காகக் கொடுத்த விலை அது. ஒற்றுமையைக் குறை கூறுவதற்கில்லை. விலை இன்னதென்று அறிந்திருப்பது நன்று.

இன்று குழந்தைகளுக்கு இடப்படுவது பெரும்பாலும் ஆங்கில வழி வந்த பால் என்ற வடிவமே. 1986 பிப்ரவரியில் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் சென்னைக்கு வந்து சென்றதும் அவ்வடிவத்துக்கு வலுச் சேர்த்திருக்கும். ஆனால் தமிழ் எழுத்தில் பால் என்று எழுதினால் ஆவின்பால்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. சிறியவன் என்ற பொருள் வருவதில்லை. திருத்தூதரோ தம்மைத் தூதர்களுள் கடையவர் என்று சொல்லிக்கொண்டவர். அந்தப் பணிவைச் சின்னப்பர் என்ற பெயர் விளக்கவுரை இன்றியே உணர்த்தியது.

கோவளத்தில் 1808இல் எழுந்த கார்மேல் அன்னை ஆலயம் முதல் செங்கற்பட்டின் சூசையப்பர் பேராலயம் வரை, இவ்வட்டாரத்துப் பங்குகளில் குழந்தைக்குப் பெயர் தேடுவோர் தாத்தாக்களின் பெயர்களையும் ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம். பழமைக்காக அன்று; பொருள் தெரிந்து ஒரு பெயரை இடும் உரிமைக்காக. உரோமையர் தம் பிள்ளையைச் சிறியவன் என்று அழைத்தபோது அச்சொல் அவர்களுக்குப் புரிந்திருந்தது. அதே தெளிவோடு நம் முன்னோர் சின்னப்பா என்று அழைத்தனர். நம் பிள்ளைகளை அழைக்கும்போது நமக்கும் அது புரிய வேண்டாமா?