விற்கும் முன் வீட்டில் செலவு செய்யலாமா? எந்தக் காசு திரும்பி வரும்?

வேலையில் சேர்ந்த புதிதில் பெங்களூருவில் ஒரு ஃபிளாட் வாங்கினீர்கள். இப்போது வேறு ஊருக்கு மாற்றல், விற்றாக வேண்டும். புரோக்கர் வந்து பார்த்துவிட்டு, "கிச்சனை மட்டும் மாத்திட்டீங்கன்னா நல்ல ரேட்டுக்குப் போகும் சார்" என்கிறார். மாற்றலாமா?

கொஞ்சம் பொறுங்கள். வாங்குபவரின் பணம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் வங்கிக் கடன்தான். கடன் தரும் முன் வங்கி தன் மதிப்பீட்டாளரை அனுப்பும். பரப்பளவு, கட்டடத்தின் வயது, அந்தப் பகுதியில் போகும் விலை, இதையெல்லாம்தான் அவர் பார்ப்பார். உங்கள் ஃபால்ஸ் சீலிங்குக்குப் பெரிதாக விலை போட மாட்டார்.

ரிசர்வ் வங்கி விதிப்படி, 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடன் சொத்து மதிப்பில் 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. உங்கள் ஃபிளாட்டை வங்கி 80 லட்சம் என்று மதிப்பிட்டால், கடன் அதிகபட்சம் 64 லட்சம். 6 லட்சத்தில் கிச்சன் போட்டுவிட்டு நீங்கள் 86 லட்சம் கேட்டால், வாங்குபவர் 22 லட்சத்தைக் கைக்காசாகப் போட வேண்டும். முத்திரைத்தாள், பதிவுச் செலவு தனி. இவ்வளவுக்கும் பிறகு, அந்த கிச்சன் கலரே அவருக்குப் பிடிக்காமல் போகலாம்!

கசிவு விஷயம் அப்படி இல்லை. பாத்ரூம் சுவரில் ஓதமும் சீலிங்கில் மஞ்சள் கறையும் இருந்தால், பார்க்க வருபவர் பிளம்பர் கூலியைக் கணக்குப் போட மாட்டார். 'உள்ளே இன்னும் என்னென்ன இருக்கோ' என்று பயந்து, லட்சக்கணக்கில் குறைத்துக் கேட்பார். இதற்குத் தயங்காமல் செலவு செய்யுங்கள். மேல் வீட்டிலிருந்து கசிந்தால் அசோசியேஷனில் எழுதிக் கொடுத்து, சரியான பிறகு பெயிண்ட் அடியுங்கள். ஓதத்தின் மேல் புட்டி பூசினால் அடுத்த மழையில் தெரிந்துவிடும். தவிர, உங்களுக்குத் தெரிந்த, சாதாரணமாகப் பார்த்தால் தெரியாத முக்கியக் குறையை வாங்குபவரிடம் சொல்ல வேண்டியது விற்பவரின் கடமை என்கிறது 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டம்.

வெளிர் நிறத்தில் பெயிண்ட், சொட்டாத குழாய், ஆடாத சுவிட்ச், ஒழுங்காகச் சாத்தும் கதவு. இவை போதும். பால்கனியை அடைத்து ரூம் ஆக்கும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். அனுமதி பெற்ற வரைபடத்தில் இல்லாத மாற்றம் கடனையே முடக்கிவிடலாம்.

கிச்சனுக்கு ஒதுக்கும் நேரத்தைக் காகிதங்களுக்குக் கொடுப்பது மேல். பெங்களூருவில் இ-காத்தா இல்லாமல் பத்திரப் பதிவு நடக்காது. சொத்து வரி ரசீது, கடன் பாக்கி இருந்தால் வங்கியின் கணக்கு விவரம் எல்லாம் தயாராக இருக்கட்டும்.

வரிக்கும் ஒரு வார்த்தை. வாங்கி 24 மாதங்களுக்குப் பிறகு விற்றால், லாபத்துக்கு 12.5 சதவீத வரி. 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய வீடு என்றால், இந்தியாவில் வசிக்கும் தனிநபர்கள் பணவீக்கச் சரிக்கட்டலுடன் 20 சதவீதக் கணக்கையும் போட்டுப் பார்க்கலாம், எது குறைவோ அதைக் கட்டினால் போதும். தரையை முழுவதும் மாற்றுவது போன்ற நிரந்தர மேம்பாட்டுச் செலவை லாபத்திலிருந்து கழிக்கலாம். சாதாரண பெயிண்டிங், ரிப்பேர் இதில் சேராது. 4 லட்சத்துக்குத் தரை போட்டால், 12.5 சதவீதக் கணக்கில் மிச்சமாகும் வரி 50,000 ரூபாய்தான், அதற்காகத் தரையை உடைக்காதீர்கள். ஏற்கெனவே செய்திருந்தால், பில்லையும் பணம் கட்டிய வங்கிப் பதிவையும் தேடி எடுத்து வையுங்கள்.